ஓனர் எங்கே இருக்கிறார்?

மே பிறந்துவிட்டால் என் போனுக்கு ஒரே மாதிரி அழைப்புகள் வரத் தொடங்கும். எங்கள் பள்ளியில் புதிதாகச் சேர்பவர்கள், வங்கிக்கு மாற்றலாகி வருபவர்கள், வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று பெங்களூரிலிருந்து மலையேறும் இளம் தம்பதிகள், எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "டீச்சர், குன்னூர்ல ஒரு வீடு வேணும். புரோக்கர் வேண்டாம், ஒரு மாச வாடகை தண்டம். நேரா ஓனர் நம்பர் இருந்தா குடுங்க."

நம்பர் கொடுப்பதற்கு முன்னால் நான் ஒன்று கேட்பேன். அந்த ஓனர் எங்கே குடியிருக்கிறார் என்று விசாரித்தீர்களா? பெரும்பாலும் விசாரித்திருக்க மாட்டார்கள். வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, கார் நிறுத்த இடம் உண்டா என்பதெல்லாம் கேட்டிருப்பார்கள். இங்கே பல மழைக்காலங்களைப் பார்த்தபிறகு எனக்கு உறுதியாகத் தோன்றுவதைச் சொல்கிறேன். மலையில் வீடு எடுக்கும்போது நேரடியாகவா தரகர் மூலமாகவா என்பதெல்லாம் அப்புறம். நவம்பர் மழையில் ராத்திரி சுவர் ஒழுகினால் எழுந்து வரக்கூடிய ஆள் இந்த மலையில் இருக்கிறாரா என்பதை முதலில் பார்க்க வேண்டும். அவர் ஓனராக இருக்கலாம், ஓனரின் தம்பியாக இருக்கலாம், சம்பளத்துக்கு வைத்த மேனேஜராகவும் இருக்கலாம். இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வீடு கிடைப்பதே இங்கே கஷ்டம். கீழே உள்ள ஊர்கள் மாதிரி மாடிக்கு மேல் மாடி எழுப்பிப் பத்துக் குடித்தனம் வைக்க முடியாது. நீலகிரியில் கட்டடம் 7 மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்பாடு உண்டு. காடும் தேயிலையும் செங்குத்துச் சரிவும் போக, கட்டுவதற்கு மிஞ்சும் இடமும் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்திலும் நல்ல வெயில் விழுகிற வீடுகள் பல, ஹோம்ஸ்டே ஆகிவிட்டன. அதனால் பெட்போர்டிலோ வண்டிச்சோலைப் பக்கமோ 'டு லெட்' போர்டு தொங்குவதைப் பார்ப்பது அபூர்வம். ஒரு வீடு காலியாகப்போகிறது என்ற செய்தி மளிகைக் கடைக்கும் ஆட்டோ ஸ்டாண்டுக்கும் பால்காரருக்கும் முதலில் போய்விடும். வெளியூர்க்காரருக்குப் போர்டு தெரியும் நேரத்தில் வீடு பேசி முடிந்திருக்கும். தரகர் என்ற ஆள் இங்கே தேவைப்படுவதே இதனால்தான்.

தரகரிலும் இரண்டு வகை உண்டு. சாவியைக் கையில் வைத்திருப்பவர் ஒரு வகை. வீட்டைத் தெரிந்து வைத்திருப்பவர் இன்னொரு வகை.

இரண்டாவது வகையில் ஒரு ஆட்டோ அண்ணனை எனக்குத் தெரியும். கூட வேலை பார்க்கும் ஒரு புது டீச்சருக்காக அவரோடு வீடு பார்க்கப் போயிருந்தேன். முதல் வீடு பளிச்சென்று இருந்தது, பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் பின்னறைக்குப் போனார். ஆட்டோ சாவியால் சுவரை ஒரு முழம் விட்டு ஒரு முழம் தட்டிக்கொண்டே வந்தார். முன்பக்கச் சுவரில் கெட்டியாகக் கேட்ட சத்தம், பின்பக்கச் சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கீழே பொத்தென்று கேட்டது. அப்புறம் எங்களை வெளியே கூட்டிப்போய்ப் பின்புறத்தைக் காட்டினார். சரிவை வெட்டி அதில் ஒட்டவைத்த மாதிரிக் கட்டியிருந்தார்கள். உள்ளே ஜன்னல் தொடங்கும் உயரத்துக்கு வெளியே மண் நின்றது. "மண்ணு குடிக்கற தண்ணியெல்லாம் இந்தச் சுவருக்குத்தான் வரும் மேடம். ஐப்பசில ஓதம் ஏறும். அதுக்குத்தான் வருசாவருசம் மே மாசம் பெயின்ட் அடிக்கறாங்க" என்றார். அந்த வீட்டை முடித்துக்கொடுத்திருந்தால் அன்றைக்கே அவருக்குக் கமிஷன் வந்திருக்கும். அடுத்த வாரம் வேறு வீடு காட்டினார். கிழக்குப் பார்த்த சின்ன லைன் வீடு. ஹால் இல்லை, காலையில் அடுப்படி வரை வெயில் வரும். அந்த டீச்சர் ஒரு மாத வாடகையை மனதாரக் கொடுத்தார். அந்தப் பணத்தைத் தண்டம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

மே மாதம் வீடு பார்க்கிறவர்களுக்கு இந்த அறிவு ரொம்ப முக்கியம். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான், அக்டோபர் நவம்பரில். ஊட்டி, கூடலூர்ப் பக்கம் ஜூன் ஜூலையிலேயே தென்மேற்கு அடித்துவிடும். ஊட்டியில் தாழ்வான இடங்களில் டிசம்பர் ஜனவரியில் உறைபனி விழும். எந்த வீடும் மே மாதம் இதில் எதையும் காட்டிக்கொடுக்காது. பீரோவை நகர்த்திப் பின்னால் பூசணம் பூத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அலமாரிக் கதவைத் திறந்து முகர்ந்து பார்க்க வேண்டும். வெயில் எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணிக்குப் போகிறது என்று பக்கத்து வீட்டில் கேட்க வேண்டும். மேற்கே மலையோ பெரிய யூக்கலிப்டஸ் மரங்களோ மறைத்தால் மூன்று மணிக்கே வீடு இருட்டிவிடும், துணி காயாது. சிலிண்டர் போடுகிறவர் எத்தனை படி இறங்க வேண்டும் என்பதையும் பாருங்கள். ரோட்டிலிருந்து வெகுதூரம் கீழே இறங்கும் வீடு என்றால் சிலிண்டரில் தொடங்கி ஆஸ்பத்திரி அவசரம் வரை எல்லாமே கஷ்டம்.

தண்ணீரையும் கட்டாயம் கேட்க வேண்டும். குன்னூர் டவுனுக்கு ரேலியா அணைத் தண்ணீர் வெகுகாலமாக வருகிறது. கோடையில் அணை இறங்கிவிட்டால் குழாய்த் தண்ணீருக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று சொல்ல முடியாது. வீட்டுக்கென்று தனித் தொட்டி உண்டா, ஓனருக்கும் குடியிருப்பவருக்கும் ஒரே தொட்டியா, தண்ணி வண்டி வந்தால் பைப் எட்டுமா, அந்தப் பணம் யார் கொடுப்பது? மேல்வீட்டில் ஓனர் இருந்தால் தண்ணீர்ப் பிரச்சனை பாதி தீர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம், அவருக்கும் அதே தொட்டிதான். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் ஓனர் பக்கத்தில் இருக்கும் வீட்டை விரும்புவேன்.

நான் இருக்கும் வீட்டின் ஓனர் அக்கா இரண்டு வீடு தள்ளி மேலே இருக்கிறார். ஒரு நவம்பரில் ராத்திரி முழுக்க மழை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் தடுப்புச் சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு சாக்கடை ஓடும். அது இலை அடைத்து நிரம்பித் தண்ணீர் பின்வாசல் படி வரைக்கும் வந்துவிட்டது. நான் போன் பண்ணலாமா, இந்நேரத்தில் எழுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே டார்ச் வெளிச்சம் தெரிந்தது. அக்காவும் அவர் மகனும் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு மண்வெட்டியோடு நிற்கிறார்கள். "நீ உள்ள போம்மா, சுவத்துல விரிசல் இருக்கான்னு மட்டும் பாரு" என்றார். தடுப்புச் சுவரில் வைத்திருந்த தண்ணீர் போகும் ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் கம்பியால் குத்தி விட்டார் மகன். சேறு கலந்த தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. அந்த ஓட்டைகள் அடைபட்டால் சுவருக்குப் பின்னால் மண் தண்ணீரைக் குடித்துக் கனத்து, சுவரையே தள்ளிவிடும். 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண்சரிவில் எத்தனை உயிர் போயிற்று என்று இங்கே இருக்கிறவர்கள் யாரும் மறக்கவில்லை. அக்காவுக்கு அந்தச் சாக்கடை எந்த இடத்தில் அடைக்கும் என்று தெரியும். எந்த வாடகை ஒப்பந்தமும் அதைச் சொல்லித் தராது.

அதே மழையில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பட்ட பாடு வேறு. ஓனர் வெளிநாட்டில். வீட்டை ஒரு ஏஜென்சி பார்த்துக்கொள்கிறது. வாடகை, ஒப்பந்தம் எல்லாம் சுத்தமாக இருந்தது. மாதம் பிறந்தால் ஈமெயிலில் ரசீது வந்துவிடும். ஓட்டுக் கூரையில் நாலு ஓடு நகர்ந்து படுக்கையறையில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்ததும் போன் செய்தார்கள். புகாருக்கு ஒரு எண் கொடுத்தார்கள். போட்டோ அனுப்பச் சொன்னார்கள். கொட்டேஷன் வாங்கி ஓனருக்கு அனுப்பியிருக்கிறோம், அவர் சரி என்றதும் ஆள் வரும் என்றார்கள். ஆள் வந்தபோது மழை நின்றிருந்தது. அதற்குள் மெத்தையும் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களும் போயிற்று. போன் எடுத்த பையனிடம் எந்தத் தப்பும் இல்லை. அவன் கோயம்புத்தூரில் ஒரு மேசையில் உட்கார்ந்திருக்கிறான். ஓடு மாற்ற ஐந்நூறு ரூபாய் செலவு செய்யக்கூட அவனுக்கு அதிகாரம் கிடையாது.

இதை வைத்து ஏஜென்சியே கூடாது என்று சொல்ல வரவில்லை. நேரடி ஓனரே மலையில் இல்லாமல் கீழே சமவெளியில் இருந்தால் கதை இன்னும் மோசமாகலாம். சென்னையில் இருக்கும் ஓனரிடம் நேரடியாக வீடு எடுத்த ஒருவருக்குக் குளியலறைக் குழாய் வெடித்துவிட்டது. ஓனர் தங்கமான மனிதர்தான். "நீங்களே ஆள் வெச்சுப் பாத்துக்கோங்க, வாடகையில கழிச்சுக்கலாம்" என்றார். அந்த ஏரியாவில் இருக்கும் பிளம்பர் அந்த வீட்டுக்கு வர மாட்டேன் என்றுவிட்டார், முன்பு செய்த வேலைக்கே பணம் பாக்கி. அதேசமயம் ஊருக்குள்ளேயே ஆபீஸ் வைத்து, ஒரு எலக்ட்ரீஷியனையும் பிளம்பரையும் மாதச் சம்பளத்துக்கு வைத்திருக்கிற மேனேஜ்மென்ட் ஆட்களும் இருக்கிறார்கள். அவர்கள் மூலம் எடுத்த வீட்டில் நிம்மதியாக இருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். கேட்க வேண்டியது இதுதான்: ஓனரைக் கேட்காமல் எவ்வளவு ரூபாய் வரை ரிப்பேருக்குச் செலவு செய்ய உங்களுக்கு அதிகாரம் உண்டு? இதற்கு ஒரு தொகையைச் சொல்லத் தெரிந்த ஏஜென்சியை நம்பலாம்.

ரிப்பேர் யார் பொறுப்பு என்பதற்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 1960-ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாகத் தமிழ்நாட்டில் 2017-ல் ஒரு புதுச் சட்டம் இயற்றினார்கள். 2019 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் கட்டடத்தின் அடிப்படை ரிப்பேர், வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது, மின் வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கீசர் ரிப்பேர் எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. கீசர் நம் தலையில் விழுவது பலருக்குத் தெரியாது. மலையில் அது இல்லாமல் ஒரு நாள் ஓட்ட முடியாது. குடிபோகும் முன்பே ஓடவிட்டு, வெந்நீர் வருகிறதா என்று கையை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

அந்தச் சட்டத்தில் இன்னும் சில விஷயங்கள் உதவும். வேறு மாதிரி பேசிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டு, திருப்பித் தர வேண்டும். வாடகைக்கு ரசீது தர வேண்டும். வீட்டுக்குள் வந்து பார்க்க 24 மணி நேரம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். என்ன சண்டை வந்தாலும் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தக் கூடாது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், இணையத்திலேயே பதியலாம். 'வேறு மாதிரி பேசிக்கொள்ளாவிட்டால்' என்ற வார்த்தைகளைக் கவனியுங்கள். ஏஜென்சி நீட்டும் அச்சடித்த ஒப்பந்தம் பல நேரம் அந்த 'வேறு மாதிரி'தான். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்வோம் என்று பன்னிரண்டாவது பத்தியில் இருக்கும். ஓதம் ஏறியதால் கறுத்த சுவருக்கு நாம் எதற்கு அழ வேண்டும்? படித்துப் பார்த்து, அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம். கேட்டால் ஒப்புக்கொள்கிறார்கள்.

நேரடி ஓனரிடம் இந்தக் காகிதப் பிரச்சனை குறைவு. அங்கே வேறு ஒன்று இருக்கிறது, அதைப் பேசாமல் விடக் கூடாது. வாசலிலேயே நிற்கவைத்து, "எந்த ஊரு? அப்பா என்ன பண்றார்? நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்பார்கள். கறி சமைப்பீர்களா, கல்யாணம் ஆகிவிட்டதா, தனியாக இருந்தால் யார் யார் வந்துபோவார்கள் என்று அடுத்தடுத்துக் கேள்வி வரும். எங்கள் பள்ளிக்கு வந்த ஒரு முஸ்லிம் பெண்ணுக்கும், தனியாக வந்த ஒரு நர்ஸுக்கும் வீடு பார்க்க நான் கூடவே அலைந்திருக்கிறேன். போனில் "வாங்க, வீடு காலியாத்தான் இருக்கு" என்ற அதே குரல், பெயரைக் கேட்டதும் "சொந்தக்காரங்களுக்குக் குடுத்துட்டோம்" என்று மாறியதைக் கேட்டேன். பல மொழியும் பல மதமும் கலந்து வாழ்கிற ஊர் இது. தோட்டத்துக்கும் பட்டாளத்துக்கும் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்கும் எங்கெங்கிருந்தோ வந்தவர்களால் வளர்ந்த ஊர். இங்கே ஒரு மனுஷிக்கு வீடு மறுப்பது அநியாயம். தரகர் மூலம் போனால் இந்த அவமானம் நேரில் நடக்காது. ஆனால் அவர் நம்மைப் பார்த்த உடனே எந்தெந்த வீட்டைக் காட்டக் கூடாது என்று மனதுக்குள் கழித்துவிடுகிறார். மறுப்பு அப்போதும் நடக்கிறது, நமக்குத் தெரிவதில்லை. அந்த நர்ஸுக்குக் கடைசியில் வீடு கொடுத்தது உபதலைப் பக்கம் ஒரு படுகர் பாட்டி. "ராத்திரி டூட்டி முடிஞ்சு வந்தா கேட்டைச் சத்தமாத் தள்ளாதே, நாய் குலைக்கும்" என்பதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை.

அப்புறம் சீசன். ஏப்ரலும் மே மாதமும் வீடு டூரிஸ்டுக்குப் போனால் கிடைக்கிற காசு வீட்டுக்காரர் கண்ணை உறுத்தும். ஜூனில் குடிவைத்து, மார்ச் முடியும்போது "மகன் குடும்பத்தோட வர்றான், காலி பண்ணிக்கோங்க" என்பார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சை நடக்கும் நேரத்தில் வீடு மாறிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பதினோரு மாத ஒப்பந்தம் என்பது, ஒரு வருடத்துக்கு மேல் போனால் சார்பதிவாளரிடம் பத்திரம் பதிய வேண்டியிருக்கும் என்பதால் வந்த பழக்கம். மலையில் அது சீசன் நேரத்தில் ஆளைக் கிளப்பவும் வசதியாகிவிட்டது. ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் முடிந்தால், புதுப்பிப்பது பற்றி ஒரு வரி எழுதி வாங்காமல் பெட்டியை இறக்க வேண்டாம்.

நேராக ஓனரையே பிடிக்கிறேன் என்று இணையத்தில் தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிவிட்டது, வீட்டை வாடகைக்கு விடுகிறேன் என்று சீருடை போட்டோவும் அடையாள அட்டையும் அனுப்பி டோக்கன் பணம் கேட்கும் மோசடி நாடு முழுக்க நடக்கிறது. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமும் ஸ்டாஃப் காலேஜும் இருப்பதால் இங்கே அது எளிதாக நம்பும்படி இருக்கும். வீட்டுக்குள் நின்று பார்க்காமல், வரி ரசீதிலோ மின் கட்டண அட்டையிலோ பெயரைச் சரிபார்க்காமல் ஒரு ரூபாய் அனுப்ப வேண்டாம்.

மின் அட்டை என்றதும் இன்னொன்று. வீட்டுக்கென்று தனி மீட்டர் இருந்தால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் அதில் கழியும். சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனர் வசூலித்தால் அந்தச் சலுகை உங்கள் கைக்கு வராது. ஹீட்டரும் கீசரும் ஓடும் ஊரில் இது சின்னத் தொகை கிடையாது. வாடகை பேசும்போதே இதைப் பேசி முடித்துவிடுங்கள்.

இந்த வருடம் எங்கள் பள்ளிக்கு வந்திருக்கும் கணக்கு டீச்சர் ஏஜென்சி மூலம்தான் வீடு எடுத்திருக்கிறார். ஓனர் பெங்களூரில். நாங்கள் இருவரும் உட்கார்ந்து ஒப்பந்தத்தில் மூன்று வரி சேர்க்கச் சொன்னோம். இங்கே ஊரில் இருக்கும் பொறுப்பாளரின் பெயரும் போன் நம்பரும், ஓனர் அவருக்குக் கொடுத்த அதிகாரக் கடிதத்தின் நகலும் வேண்டும். ஐயாயிரம் ரூபாய் வரையான அவசர ரிப்பேரை அவரே செய்ய வேண்டும். அவர் இரண்டு நாளில் வராவிட்டால் டீச்சரே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஏஜென்சிக்காரர் ஓனருக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு முதல் இரண்டுக்கும் சரி என்றார். மூன்றாவதற்கு இரண்டு நாளை நாலு நாள் ஆக்கினார். மழைக்காலத்தில் மட்டும் இரண்டு நாள் என்று பேசி முடித்தோம். ஒவ்வொரு அறையின் சுவரையும் தேதியோடு போட்டோ எடுத்து, ஏஜென்சிக்கும் ஓனருக்கும் அனுப்பிவிட்டுத்தான் டீச்சர் கமிஷன் கொடுத்தார்.